டாக்டரா, சிஸ்டரா? டர்பனில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை யார் பார்ப்பது

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் நோய், என்றால் எல்லோரும் படபடப்பைத்தான் நினைக்கிறோம். உண்மையில் பயப்பட வேண்டியது பக்கவாதத்துக்கு. இதயத்தின் மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போய்விடலாம்; இந்த நோய் இருந்தால் அந்த ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஆகவே டாக்டர், சிஸ்டர் (நர்ஸ்) இருவரில் யாரிடம் போனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சரியான ஆளுக்குத் தொடங்கப்பட்டு, விடாமல் தொடரும் என்பதை வைத்தே இரண்டு பக்கத்தையும் எடைபோட வேண்டும்.

டாக்டர் பக்கம் முதலில். மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இருப்பவருக்கு இதய நிபுணர் எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பார், அப்லேஷன் (தவறான துடிப்பைக் கிளப்பும் இடத்தைச் சுட்டு அடக்குவது) செய்யலாமா என்று முடிவெடுப்பார். அதில் அவருக்கு ஈடு இல்லை. தடுமாற்றம் அதற்குப் பிறகுதான். அரசு ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் ஒவ்வொரு தடவையும் வேறு டாக்டர், ஆளுக்குச் சில நிமிடம். வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, பழைய பக்கவாதம் எல்லாவற்றையும் கூட்டி ஆபத்தைக் கணக்கிட நேரம் இருக்காது. அப்புறம், "வயசானவங்க, ரத்தம் கசியும்" என்று ஆஸ்பிரினோடு நிறுத்திவிடுவதும் உண்டு. ஆஸ்பிரின் இதற்கு மாற்று இல்லை என்று இன்றைய ஐரோப்பிய வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது.

நர்ஸ் நடத்தும் கிளினிக்குக்கு வலுவான சான்று நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டிலிருந்து 2012இல் வந்தது. 712 நோயாளிகள், சராசரி 22 மாதக் கண்காணிப்பு. வழிகாட்டுதலை உள்ளே வைத்த கணினி நிரலைப் பார்த்து நர்ஸ் கேட்டார், விளக்கினார், பின்தொடர்ந்தார். பின்னால் இதய நிபுணர் இருந்தார். இதய நோயால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களும் சேர்த்து நர்ஸ் கிளினிக்கில் 14.3 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 20.8. வழிகாட்டுதலை ஒட்டி நடந்ததும் நர்ஸ் பக்கமே அதிகம்.

உடனே கைதட்டிவிட வேண்டாம். அதே நாட்டில் 1,354 பேரை வைத்துப் பல ஆஸ்பத்திரிகளில் நடந்த ரேஸ் 4 ஆய்வில், மொத்தக் கணக்கில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கனவே அனுபவமுள்ள மையங்களில் மட்டும் நர்ஸ் கிளினிக் தெளிவாக முந்தியது. பயிற்சி இல்லாமல் வாசலில் பலகையை மட்டும் மாற்றினால் பலன் இல்லை என்றே நான் இதைப் படிக்கிறேன்.

சரி, நம் ஊருக்கு வருவோம். தென்னாப்பிரிக்க அரசு கிளினிக்குகளில் ரத்தம் உறையாமல் தடுக்கப் பெரும்பாலும் கிடைப்பது வார்ஃபரின் மாத்திரைதான். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் அளவு 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் புரட்டாசி பிறந்தால் பல வீடுகளில் இறைச்சி நின்று, முருங்கைக்கீரையும் மற்ற கீரைகளும் அடிக்கடி தட்டுக்கு வரும். கீரையில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும், ஐ.என்.ஆர் இறங்கும். தாளைப் பார்த்து டாக்டர் அளவைக் கூட்டுவார். விரதம் முடிந்து கீரை குறைந்ததும் அதே அளவு மிகையாகி, ஈறில் ரத்தம். "ஆயா, என்ன சாப்பிடுறீங்க, விரதமா?" என்று கேட்க உட்கார்ந்த ஒருவர் இருந்தால் இது முன்னாலேயே பிடிபடும். கீரையை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. வருடம் முழுக்க ஒரே அளவில் சாப்பிட்டால் போதும்.

நர்ஸ் இதையெல்லாம் செய்வாரா என்ற சந்தேகம் இந்த நாட்டில் எழவே கூடாது. 2010இலிருந்து எச்.ஐ.வி மருந்தைத் தொடங்குவதே பயிற்சி பெற்ற நர்ஸ்கள்தான். அதை விடவா இது கடினம்?

ஆனால் ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களை நிபுணரே முதலில் பார்க்க வேண்டும். அவர்களுக்குப் புதிய மாத்திரையான ரிவராக்சபானை விட வார்ஃபரின் வகையில் சாவு குறைவு என்று 2022இல் இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. மருந்து எது என்று அவர் முடிவு செய்த பிறகு, மாதாந்தர ஐ.என்.ஆரைச் சிஸ்டரிடம் விடலாம்.