பழைய லாட்ஜ் சுவத்துக்கு சிமெண்டா, சுண்ணாம்பா?

கும்பகோணத்துல பெரியப்பாவோட பழைய லாட்ஜ கீழ ஆபீஸ், மேல ரூம்னு மாத்தப் போறோம். சிமெண்ட்னா சட்டுனு முடியும், கொத்தனாரும் ஈசியா கெடைப்பாங்க, 2028 மகாமகத்துக்குள்ள திறந்துடலாம். ஆனா நம்ம டெல்டா மண்ணுல ஈரம் அடியிலேர்ந்து ஏறிக்கிட்டே இருக்கும், பழைய செங்கல் மேல சிமெண்ட் பூசுனா அது வெளிய போக வழியில்லாம உள்ளயே நின்னு, உப்பு பூத்து, பூச்சு பேந்து, கடைசில செங்கல்லே உதிரும். சுண்ணாம்பு ஈரத்த வெளிய விட்டுடும், கடுக்காயும் வெல்லமும் ஊறவச்ச தண்ணி கலந்து பூசுவாங்க, அந்த வழவழப்பே தனி அழகு. செலவு கூட, ஒவ்வொரு பூச்சும் காயணும், தெரிஞ்ச ஆளயும் தேடணும். இருந்தாலும் எனக்கு சுண்ணாம்புதான். பாத்ரூமுக்கு மட்டும் புதுசா தடுப்பு கட்டி பைப்ப அதுல ஓட்டிட்டா பழைய சுவத்த உடைக்க வேண்டாம்.