தேய்ந்த எல்.பி.க்கு எந்த முள்?

பழைய எல்.பி. இசைத்தட்டு வாங்குகிறவர்கள் கீறலைத்தான் முதலில் தேடுகிறார்கள். கீறலாவது கண்ணுக்குத் தெரியும். தேய்மானம் லேசில் அகப்படாது. தட்டு பளபளவென்று இருக்கும். ஆனால் பாடகி உச்சத்துக்கு ஏறும்போது குரல் கரகரக்கும், ‘ஸ’ வரும் இடமெல்லாம் எச்சில் தெறிப்பதுபோல் சிதறும். கழுவிய பிறகும் அப்படியே இருந்தால் அது அழுக்கு அல்ல, தேய்மானம். பக்கத்தின் கடைசிப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். விளிம்பில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. ஓடும் வரி (முள் ஓடும் பள்ளம்), லேபிளை நெருங்கும்போது 21 செ.மீ.தான் ஓடுகிறது. அதே ஒலி அங்கே நெருக்கிப் பொறிக்கப்பட்டிருப்பதால் முதல் அடி அங்கேதான் விழும். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் மண்டியிருந்தால், தட்டு நிறைய ஓடியிருக்கிறது.

இனி முள். ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 வரிசையில் கார்ட்ரிட்ஜ் (முள்ளின் அசைவை மின்சாரமாக்கும் சிறு பெட்டி) ஒன்றுதான், முள்ளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒப்பிட வசதி.

கூம்பு முனை மலிவு. 500 மணி நேரம் உழைக்கும் என்கிறது நிறுவனம். பழைய முட்கள் உரசித் தேய்த்த அதே உயரத்தில்தான் இதுவும் அமர்கிறது. ஆகவே தேய்மானம் முழுதாகக் கேட்கும். நுண்ணிய இரைச்சல் சற்று அடங்கும்.

நீள்வட்ட முனை புதுத் தட்டுக்கு நல்லது. ஆயுள் 300 மணிதான். தேய்ந்த தட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மைக்ரோலீனியர் முனை மெல்லியது. முந்தைய முட்கள் தொடாத சுவர்ப் பகுதியையும் எட்டிப் பிடிக்கும். கைவிட்ட தட்டு சில சமயம் பிழைத்தெழுவது இதனால்தான். விலை கூம்பைப்போலப் பல மடங்கு, ஆயுள் 1,000 மணி. கழுவாத தட்டில் மட்டும் போடாதீர்கள், அடியில் கிடக்கும் தூசியையும் சேர்த்துப் பாடும். முள் தாவாமலிருக்க அதைத் தாங்கும் கையின் தலையில் காசு வைத்து ஓட்டிய வீட்டுத் தட்டுகளை இதுவும் காப்பாற்றாது.

பழைய திரைப்பாட்டுத் தட்டுகளுக்கு என் ஓட்டு மைக்ரோலீனியருக்கே. பணம் இடித்தால் கூம்பு போதும். எதுவானாலும் முள் தட்டை அழுத்தும் எடை 2 கிராம். தட்டுக்கு இதமாக இருக்கட்டும் என்று 1.5-க்குக் குறைத்தால் முள் வரிக்குள் துள்ளித் துள்ளிச் சுவரைச் சிதைக்கும்.

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டுக்கு இவை எதுவும் ஆகாது. அகலமான முனையுள்ள விஎம்95எஸ்பி தனியாக இருக்கிறது, எடை 5 கிராம். அந்தத் தட்டைத் துடைக்க ஆல்கஹால் கூடவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.