வழக்கறிஞராகவே இருப்பதா, கம்பெனித் தலைவர் ஆவதா?

சென்னையில் கம்பெனி சட்டம் பார்க்கும் மூத்த வழக்கறிஞர்கள் சிலருக்கு, 'எங்கள் இயக்குநர் போர்டுக்குத் தலைவராக வாருங்கள்' என்று ஒரு நாள் அழைப்பு வருகிறது. ஏற்பதா, பாரிமுனை உயர் நீதிமன்றத்திலும் கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்திலும் வாதாடிக்கொண்டே இருப்பதா?

வழக்கறிஞருக்குக் கட்சிக்காரர்கள் பலர். யோசனை சொல்வது இவர் வேலை, முடிவு அவர்களுடையது. தலைவர் நாற்காலியில் முடிவின் பாரமும் சேர்ந்துவிடுகிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 166-ஆவது பிரிவு, தலைவர் உள்பட ஒவ்வொரு இயக்குநரிடமும் உரிய கவனத்தையும் சுயமான தீர்மானத்தையும் கேட்கிறது. மீறினால் 1 லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

சரி, இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாதா? முடியும், பலர் இதைக் கவனிப்பதில்லை. வழக்கறிஞர் தொழிலை நெறிப்படுத்தும் பார் கவுன்சிலின் விதி 48-இன்படி வழக்கறிஞர் போர்டின் தலைவராக இருக்கலாம். ஆனால் அன்றாட நிர்வாகப் பொறுப்பு கூடாது, நிர்வாக இயக்குநராகவோ செயலராகவோ ஆகவும் முடியாது. முழுநேரச் சம்பளம் என்றால் விதி 49 குறுக்கே வரும், பிராக்டிஸை நிறுத்த வேண்டியதுதான். அப்புறம், தான் நிர்வாகக் குழுவில் இருக்கும் நிறுவனத்துக்காக நீதிமன்றத்தில் நிற்கவும் கூடாது.

வருமானம் இரண்டு பக்கமும் குறைவில்லை. வாதாடுவதில் இன்னும் ஆசை இருப்பவர் நிர்வாகப் பொறுப்பில்லாத தலைவர் பதவியை மட்டும் ஏற்பதே நல்லது என்பேன். ஒரு நிறுவனத்தைத் தானே வளர்க்கத் துடிப்பவர் கறுப்பு கவுனைத் தயங்காமல் கழற்றலாம்.