“எங்க அக்கவுன்ட்லயே போட்டுத் தரோம்” என்று சொன்னால் முன்பணம் கொடுக்காதீர்கள்

ஆடு புலி ஆட்டத்தை பிரவுசரில் விளையாடும்படி ஜாவாஸ்கிரிப்டில் எழுதி வைத்திருந்தேன். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. புலியாக கம்ப்யூட்டர் ஆடும், நாம் ஆடுகளை வைத்து அதை மடக்க வேண்டும். வேலை முடிந்து வந்து ராத்திரி ராத்திரியாக ஒரு வருஷம் எழுதியது. விளையாடியவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: “பிளே ஸ்டோர்ல இருக்கா?”

ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் மொழிகளான கோட்லினும் எனக்குத் தெரியாது, ஜாவாவும் தெரியாது. அப்போதுதான் ஒரு வாட்ஸ்அப் குழுவில், வெப் கேமை மூன்றே நாளில் ஆப்பாக்கித் தருவதாக ஒரு விளம்பரம் வந்தது. பேசினேன். 14,000 ரூபாய் என்றார்கள், 10,000 முன்பணம் கொடுத்தேன்.

அவர்கள் சொன்ன ஒரு விஷயத்தில்தான் விழுந்தேன். “உங்க பேர்ல பிளே ஸ்டோர்ல புது அக்கவுன்ட் தொடங்கினா 12 பேரை வச்சு 14 நாள் டெஸ்ட் பண்ணணும் சார். எங்களது பழைய அக்கவுன்ட். அதுலயே போட்டுத் தரோம், உடனே வந்துடும்.” இதில் பொய் எதுவும் இல்லை. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்குகளுக்கு அந்த விதி உண்டு. முதலில் 20 பேர் என்று இருந்து, பிறகு 12 ஆகக் குறைத்தார்கள். உண்மையைச் சொன்னதால்தான் நம்பினேன்.

ஆப் வந்தது. அம்மா போனில் போட்டுக் கொடுத்தேன். அவர் குரோமில் ஏற்கெனவே ஒன்பதாவது கட்டம் (லெவல்) வரை போயிருந்தார். ஆப்பில் மறுபடியும் முதலிலிருந்து ஆடி நான்காவது கட்டம் வந்தார். மறுநாள் காலையில் திறந்தால் மறுபடி முதல் கட்டம். “என்னடா, நேத்து ஆடினதெல்லாம் போச்சா?” என்று கேட்டார். ஆப் செய்தவர்களிடம் கேட்டால், “உங்க கோட்லதான் பிரச்சினை சார்” என்றார்கள். இரண்டு நாள் என் கோடைப் புரட்டினேன். ஒரு தவறும் இல்லை. ஆப்புக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் ஆண்ட்ராய்டின் வெப்வியூவில், எந்தக் கட்டம் வரை ஆடினோம் என்பதை ஆட்டம் சேமித்து வைக்கும் வசதி இயல்பாகவே அணைந்திருக்கும். ஆப் செய்பவர் ஒரே ஒரு வரி எழுதி அதைத் திறந்துவிட வேண்டும். அந்த ஒரு வரியைக்கூட எழுதவில்லை.

அப்புறம் ஒருநாள் மலைப்பாதையில் பஸ்ஸில் போகும்போது திறந்தேன். சிக்னல் இல்லை. வெள்ளைத் திரையில் ஒரு எரர், கீழே என் இணையதள முகவரி. அன்று ராத்திரி, ஆப்பை நிறுவும் ஏபிகே கோப்பின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பார்த்தேன் (ஏபிகே உண்மையில் ஒரு ஜிப் கோப்புதான், யாரும் திறக்கலாம்). என் படங்கள் இல்லை, ஒலிகள் இல்லை, ஆட்டமே இல்லை. என் முகவரியைத் திறக்கும் ஒரு வெற்றுச் சட்டகம் மட்டும் இருந்தது. ஆப் செய்யும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை இறக்கி, அதிலுள்ள ஏபிகே அனலைசரில் பார்த்தபோது மனசு விட்டுப்போனது. தொடர்புப் பட்டியலைப் படிக்க அனுமதி, இருப்பிடத்துக்கு அனுமதி, கூடவே ஒரு ஆட்மாப் (கூகுளின் விளம்பரச் சேவை) எண். எனக்கு ஆட்மாப் கணக்கே கிடையாது. ஆட்டம் முடிந்ததும் வந்த முழுத்திரை விளம்பரத்தின் காசு யாருக்குப் போனது என்பது அப்போதுதான் புரிந்தது.

ஆப்பை என் கணக்குக்கு மாற்றித் தரச் சொன்னேன். ஆப் வெளியிடுபவர்களுக்கான பிளே கன்சோலில் அதற்கு வழி இருக்கிறது, ஆனால் வைத்திருப்பவர் சம்மதிக்க வேண்டும். அதற்கு 25,000 கேட்டார்கள். என் கையில் இருந்தது ஏபிகே மட்டும். 2021 ஆகஸ்டிலிருந்து புது ஆப்களை பிளே ஸ்டோர் ஏஏபி என்ற வேறு வடிவத்தில்தான் வாங்குகிறது, அதனால் அதை என் கணக்கில் ஏற்றவும் முடியாது. ஸ்டோரில் ஆப்பை அடையாளம் காட்டும் பேக்கேஜ் பெயரும் அவர்களுடையது.

சரி என்று நானே உட்கார்ந்தேன். இந்த வேலைக்கு கோட்லின், ஜாவா கோடிங் நிஜமாகவே தேவையில்லை. ஆட்டத்துக்கு, அதன் பெயர், ஐகான் விவரங்களைச் சொல்லும் ஒரு மேனிஃபெஸ்ட் கோப்பு, 192, 512 பிக்சலில் ஐகான்கள், நெட் இல்லாமலும் ஓட சர்வீஸ் ஒர்க்கர் என்ற ஒரு சின்ன நிரல். இவற்றைச் சேர்த்ததும் இணையதளத்தை ஆப்பாக்கித் தரும் மைக்ரோசாஃப்டின் பிடபிள்யூஏ பில்டரில் முகவரியைக் கொடுத்தேன். ஏஏபி கோப்பும், அது நம்முடையது என்று கையெழுத்திடும் கையொப்பச் சாவியும் ஒரே ஜிப்பில் இறங்கின. இலவசம். பிளே கன்சோல் கணக்குக்கு 25 டாலர், ஒரே தடவைதான். 12 பேரை ஆபீசிலும் சொந்தத்திலும் சேர்த்துவிட்டேன்.

இதில் நான் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்ட இடத்தைச் சொல்லிவிடுகிறேன். என் போனில் நேரடியாகப் போட்டபோது ஆப் சரியாக இருந்தது. பிளே ஸ்டோரிலிருந்து இறக்கினால் மட்டும் மேலே முகவரிப் பட்டை தெரிந்தது. நம் சாவியால் கையெழுத்திட்டு ஏற்றும் கோப்பை, கூகுள் தன்னிடமுள்ள வேறொரு சாவியால் மறுபடி கையெழுத்திட்டுத்தான் மக்களுக்கு அனுப்புகிறது. அந்தச் சாவியை அடையாளம் காட்டும் கைரேகை எண் பிளே கன்சோலில் ஆப் சைனிங் பக்கத்தில் இருக்கும். அதையும், எந்த ஆப் நம்முடையது என்று சொல்லும் இணையதளத்தின் அசெட்லிங்க்ஸ் கோப்பில் சேர்த்ததும் பட்டை மறைந்தது.

இந்த முறையில் செய்த ஆப் குரோமுக்குள்ளேயே ஓடுவதால் சேமிப்பும் குரோமுடையதுதான். அம்மா போனில் திறந்தேன், ஒன்பதாவது கட்டம் அப்படியே இருந்தது.

காசு கொடுத்துச் செய்யச் சொல்வதில் தப்பில்லை, நேரம் இல்லாதவர்கள் பாவம் என்ன செய்வார்கள்? ஆனால் முன்பணத்துக்கு முன்னாலேயே கேளுங்கள்: கன்சோல் கணக்கு யார் பெயரில், பேக்கேஜ் பெயர் யாருடையது, ஏஏபியும் சாவிக் கோப்பும் அதன் பாஸ்வேர்டும் கைக்கு வருமா. எழுத்தில் வாங்குங்கள். ஐபோனுக்கும் சேர்த்துத் தருகிறோம் என்றால் இன்னும் கவனம். வெறும் இணையதளத்தைச் சுற்றிக் கட்டிய ஆப்பை ஆப்பிள் தன் 4.2 விதியைக் காட்டித் திருப்பி அனுப்பும்.

பழைய ஆப் இன்னும் என் ஐகானோடு ஸ்டோரில் இருக்கிறது. கூகுளில் பதிப்புரிமைப் புகார் கொடுத்திருக்கிறேன். அது உள்ளே திறப்பது என் சர்வரைத்தான். வெப்வியூவிலிருந்து வரும் கோரிக்கையில் ‘டபிள்யூவி’ என்ற குறி இருக்கும், அதை வைத்து அங்கிருந்து வருபவர்களுக்கு மட்டும் ஓர் அறிவிப்பு காட்டுகிறேன்: இது எங்கள் ஆப் அல்ல, புதியது இங்கே இருக்கிறது, இதை நீக்கிவிடுங்கள். ஆட்டத்தை நிறுத்தவில்லை. இறக்கிக்கொண்டவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லையே.