380 டாலருக்கு ‘முதல் பதிப்பு’: ஜாஸ் ரெக்கார்டு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

ஜாஸ் கலைஞர் எரிக் டால்ஃபியின் ‘அவுட் டு லஞ்ச்’ ஆல்பத்தின் முதல் பதிப்பு என்று நம்பி 380 டாலர் கொடுத்து ஏமாந்துவிட்டேன். புகார் கொடுத்திருக்கிறேன், அதனால் விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் எப்படி ஏமாற்றினார் என்பதை ஒன்று விடாமல் எழுதிவிடுகிறேன். புதிதாக ரெக்கார்டு சேர்க்க ஆரம்பித்திருக்கும் நண்பர் ஒருவர் அதே ஆளிடம் விலை பேசிக்கொண்டிருப்பது நேற்றுத்தான் தெரிந்தது.

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். இந்த ஆல்பம் பதிவானதும் இங்கேதான்: எங்கிள்வுட் கிளிஃப்ஸில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில், 1964 பிப்ரவரி 25 அன்று. டிரம்ஸ் வாசித்த டோனி வில்லியம்ஸுக்கு அப்போது 18 வயது. அடுத்த நான்கு மாதத்தில், ஜூன் 29 அன்று, டால்ஃபி பெர்லினில் இறந்துபோனார். வயது 36. தட்டு கடைக்கு வந்ததை அவர் பார்க்கவே இல்லை. பதினைந்து வருடமாக சிடியில் கேட்டு மனப்பாடமான இசை இது. அந்த வருடமே அச்சான ஒரு தட்டாவது கையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையைத்தான் விற்றவர் பிடித்துக்கொண்டார்.

இந்த ஆல்பத்தை வெளியிட்டது ப்ளூ நோட் கம்பெனி. அவர்கள் ரெக்கார்டில் லேபிளை மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. இந்த ஆல்பத்தின் முதல் பதிப்பில் லேபிளில் ‘நியூயார்க் யுஎஸ்ஏ’ என்று இருக்கும். 1966 வாக்கில் கம்பெனி லிபர்ட்டி என்ற இன்னொரு கம்பெனியின் கைக்குப் போனபோது மிச்சமிருந்த பழைய லேபிள்களையே புதிய தட்டுகளிலும் ஒட்டித் தீர்த்தார்கள். தட்டில் பதிந்திருக்கும் வான் கெல்டரின் முத்திரையும் அவற்றில் பலவற்றில் அப்படியே இருக்கும், ஏனென்றால் தட்டு அடிக்கும் அச்சு உலோகம் பழையதுதான். மாறியது தட்டு அடித்த ஆலை மட்டும். அதுவரை அடித்துக்கொடுத்த பிளாஸ்டிலைட் ஆலை, கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்குமுன் இருக்கும் வெற்று வளையத்தில் வளைந்த எழுத்தில் ஒரு ‘பி’ போட்டுவைக்கும். பார்க்கக் காது மாதிரி இருப்பதால் அதை எல்லோரும் ‘காது’ என்றுதான் சொல்வோம். அது இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை.

இதெல்லாம் தெரிந்துதான் காதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அரை மணி நேரத்தில் வந்தது. அழகான, தெளிவான படம். லேபிளின் ஓரம் கொஞ்சம் தெரிந்தது, அதில் பச்சை மையில் ஒரு சின்னப் புள்ளி.

பார்சல் வந்த அன்று இரவு, மேசை விளக்கடியில் தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். வான் கெல்டர் முத்திரை இருந்தது. காது இல்லை. இரண்டு பக்கத்திலும் இல்லை. பச்சைப் புள்ளியும் இல்லை. அட்டை மட்டும் பழையது, அசல். யாருடைய அட்டைக்குள்ளோ வேறு தட்டைப் போட்டு ஜோடி சேர்த்திருக்கிறார்.

சரி, பாட்டாவது நன்றாக இருக்கட்டும் என்று ஊசியை வைத்தேன். லிபர்ட்டி தட்டு என்றாலே மட்டம் என்று நான் சொல்லமாட்டேன், நல்ல நிலையில் இருந்தால் அருமையாகவே கேட்கும். கறுப்பு மின்ன, ஒரு கீறல்கூட இல்லாமல்தான் இருந்தது இதுவும். ஆனால் தேய்ந்த ஊசியும் அதைத் தாங்கும் கனமான கையும் வைத்த பிளேயரில் வருடக்கணக்கில் ஓடிய தட்டு. அந்தத் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். முதல் பாட்டில் பாபி ஹட்சர்சனின் வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) ஓங்கி விழும் இடங்களில் ஓசை உடைந்தது. லேபிளை நெருங்க நெருங்க இன்னும் மோசம். அந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘கட்செல்லோனி’. அதில் டால்ஃபி புல்லாங்குழல் வாசிக்கிறார். மேல் ஸ்வரங்கள் எல்லாம் மணலை வாயில் போட்டு மென்றது போல நறநறத்தன. பாதியில் ஊசியை எடுத்துவிட்டேன். அந்தக் குழலை அப்படிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

விற்றவரிடம் கேட்டதற்கு, ‘வெளிச்சம் போதாது, மறுபடி பாருங்கள்’ என்றார். அடுத்து, ‘சில தட்டுகளில் காது மங்கலாகத்தான் இருக்கும்’. மூன்றாவது மெயிலுக்குப் பதிலே இல்லை. பிறகு பழைய ஏல விளம்பரங்களைத் தேடியபோது அதே படம் கிடைத்தது, பச்சைப் புள்ளியோடு. ஜப்பானில் எப்போதோ விற்றுப்போன வேறொருவருடைய தட்டு அது.

பணம் திரும்பாததற்கு என் தவறும் ஒரு காரணம். கமிஷன் மிச்சமாகும், நண்பருக்கு அனுப்புவது போல நேரடியாக அனுப்புங்கள் என்றார், அனுப்பினேன். அப்படி அனுப்பினால் வாங்கியவருக்கான பாதுகாப்பு எதுவும் கிடையாது. எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்த வழியில் மட்டும் பணம் அனுப்பாதீர்கள். படம் கேட்டால், இன்றைய தேதி எழுதிய துண்டுச்சீட்டைத் தட்டின் மேல் வைத்து எடுத்த படமாகக் கேளுங்கள். முடிந்தால் ஒவ்வொரு பக்கத்தின் கடைசி இரண்டு நிமிடத்தையும் ஓடவிட்டுப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள்.

நண்பர் விலை பேசிக்கொண்டிருப்பது ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘அசென்ஷன்’ தட்டுக்கு. முதலில் வெளியானதே இது என்கிறார் விற்பவர். அந்த ஆல்பத்தில் இம்பல்ஸ் கம்பெனி முதலில் ஒரு டேக்கை (அதே இசையை ஒருமுறை வாசித்த பதிவை) போட்டு, பிறகு கோல்ட்ரேன் விரும்பிய இன்னொரு டேக்கைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டது. ஆல்பத்தின் எண்கூட மாறவில்லை. மாறிய தட்டின் வெற்று வளையத்தில் ‘எடிஷன் டூ’ என்று பொறித்திருக்கும், அவ்வளவுதான். அந்த இடத்தைத் தேதிச்சீட்டோடு படம் எடுத்து அனுப்பும்படி நேற்று இரவு விற்பவருக்கு நண்பரை எழுதச் சொன்னேன். காலையில் பார்த்தால் அந்த ஆள் நண்பரை பிளாக் செய்திருக்கிறார். விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது.