தோள் கடுப்பா, கால் காந்தலா: மாற்றுத்திறன் வீரர்களுக்கு எந்தக் கவனப் பயிற்சி?

நெல்லைப் பக்கத்தில் வலிக்குச் சொல் பஞ்சமே இல்லை. தோள் கடுக்கும், இடுப்பு உளையும், தழும்பு சுள்ளென்று குத்தும், தொட்டால் தெரியாத கால்கூடக் காந்தும். வலிக்கு மனக்கவனப் பயிற்சி (உடலையும் மூச்சையும் உள்ளது உள்ளபடி கவனிக்கும் தியானம்) தேடும் வீரரும் பயிற்சியாளரும் முதலில் இந்தச் சொல்லைத்தான் பிடிக்க வேண்டும். கடுப்பும் உளைச்சலும் பெரும்பாலும் தசை, மூட்டு சார்ந்தவை. காந்தலும் மின்சாரம் பாய்கிற மாதிரி இழுப்பதும் பெரும்பாலும் நரம்பு சார்ந்தவை. இரண்டுக்கும் ஒரே ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, "கண்ணை மூடிக் கேளு" என்று சொன்னால் பலன் இருக்காது.

இன்று பரவலாக உள்ள பயிற்சி முறைக்கு வேர், ஜான் கபாட்-ஜின் 1979ல் மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய 8 வாரத் திட்டம். தினம் 45 நிமிடம் வீட்டுப் பயிற்சி உண்டு. நாள்பட்ட முதுகுவலி உள்ள 342 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2016ல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இந்தப் பயிற்சி செய்தவர்களின் அன்றாட நடமாட்டம் கூடுதலாக முன்னேறியிருந்தது. அவர்கள் மாற்றுத்திறன் வீரர்கள் அல்லர். அதனால் முறையை அப்படியே எடுக்காமல், உடலுக்கு ஏற்பத் திருத்தித்தான் எடுக்க வேண்டும். பயிற்சி வலியைத் துடைத்துவிடாது. வலியோடு சேர்ந்து வரும் பயத்தையும் தசை இறுக்கத்தையும் தளர்த்தும்.

உடலை வரிசையாகக் கவனிப்பது

பலரும் முதலில் கையில் எடுப்பது இதைத்தான், மாற்றுத்திறன் வீரர்களிடம் அதிகம் சிக்கலாவதும் இதுதான். பதிவு "இடது கால் பெருவிரலைக் கவனியுங்கள்" என்று தொடங்கும். அந்தக் கால் இல்லாதவருக்கும், முதுகுத்தண்டு அடிபட்டு அங்கே உணர்வில்லாதவருக்கும் முதல் வரியிலேயே மனம் விட்டுப்போகும். வரிசையை மாற்றுங்கள்: முகம், தாடை, உள்ளங்கை, முழங்கை, தோள், மார்பு, அதற்குப் பிறகு கீழே. உணர்வு நிற்கிற எல்லைக்கோடு வந்ததும் அங்கே 5 மூச்சு தங்கிவிட்டு மேலே திரும்பினால் போதும்.

கால் இழந்தவர்களுக்கு இல்லாத பாதம் வலிப்பது கற்பனை அல்ல. மூளையில் அந்தப் பாதத்துக்கான இடம் இன்னும் இருக்கிறது. எனவே அதைத் தாண்டிப் போகாமல், அது எப்படித் தெரிகிறதோ அப்படியே கவனிக்க வேண்டும். விரல்கள் சுருண்டு இறுகினமாதிரி இருந்தால், ஒவ்வொரு வெளிமூச்சிலும் ஒரு விரல் விரிவதாக நினைக்கலாம்.

45 நிமிடம் வேண்டாம், 12 முதல் 15 நிமிடம் போதும். மல்லாந்து நீட்டிப் படுத்ததும் கால் வெட்டி இழுக்கிறவர்கள் முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கவும். நெல்லை வெயிலில், செயற்கைக்காலைக் கழற்றியதும் வியர்வையைத் துடைத்து மிச்சக்காலைப் பார்த்த பிறகே படுக்க வேண்டும். 10, 15 நிமிடத்தில் மறையாத சிவப்பு இருந்தால் பிரச்சினை, மிச்சக்கால் நுழையும் செயற்கைக்கால் உறையின் பொருத்தத்தில் இருக்கிறது. அதைத் தியானம் சரிசெய்யாது. விபத்தில் அடிபட்ட சிலருக்குக் கண்ணை மூடினால் அந்த நாள் திரும்பி வரும். அவர்கள் கண்ணைத் திறந்தபடி மின்விசிறிச் சத்தத்தையோ வெளியே மயில் அகவுவதையோ பிடித்துக்கொள்ளட்டும்.

இல்லாத பாதத்தின் வலிக்கு, இந்த வரிசைக் கவனிப்புக்கு நேர்ப் போட்டி கண்ணாடிச் சிகிச்சை. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்தது. இரு காலுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற காலை அசைத்துப் பிம்பத்தைப் பார்ப்பது. 2007ல் வெளியான சிறிய ஆய்வில் தினம் 15 நிமிடம், 4 வாரம் செய்தார்கள், வலி குறைந்தது. ஒரு கால் மட்டும் இழந்தவர் இதை முதலில் முயலட்டும், கவனப் பயிற்சி இரவுத் தூக்கத்துக்குத் துணை. இரண்டு காலும் இழந்தவருக்குப் பார்க்கப் பிம்பம் கிடைக்காது, அவருக்கு வரிசைக் கவனிப்பே நல்லது. தொடக்கத்தை ஆய்க்குடி அமர் சேவா சங்கம் போன்ற மறுவாழ்வு மையத்து இயன்முறை மருத்துவர் முன்னால் செய்வது பாதுகாப்பு.

மூச்சுக் கவனம்

கையோடு இருக்கும் கருவி. போட்டி அழைப்புக்குக் காத்திருக்கும் 5 நிமிடத்தில் இதற்கு ஈடில்லை. உள்ளே 4 எண்ணிக்கை, வெளியே 6. கழுத்துப் பகுதியில் தண்டு அடிபட்டவருக்கு வயிற்றுத் தசையும் விலாத் தசையும் வேலை செய்யாது. "வயிற்றை உள்ளே இழுத்து முழுசா விடு" என்றால் தவிப்புதான் மிஞ்சும். அவர் எண்ணிக்கையை விட்டுவிட்டு, மூக்கு நுனியில் காற்று குளிர்ந்து போவதை மட்டும் கவனிக்கட்டும். மூச்சை அடக்கவே கூடாது.

அசைவில் கவனம்

சக்கர நாற்காலி வீரரின் தோளுக்கு எங்கள் தேர்வு இதுதான். நடக்கிறவருக்குக் கால் செய்கிற வேலையை இவருக்குத் தோள் செய்கிறது. களைத்ததும் தோள் காதை நோக்கி ஏறும், தாடை இறுகும், சக்கரத்தைத் தள்ளும் வளையத்தைப் பிடிக்கும் பிடி கெட்டியாகும், தோள்மூட்டுத் தசைநார் நசுங்கும். படுத்துக் கவனித்தால் இது தெரியாது, தள்ளும்போதுதான் தெரியும்.

பந்தய நாற்காலியில் வேண்டாம், அன்றாட நாற்காலியில் செய்யவும். பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கம் போன்ற இடத்தில் வெயில் ஏறுமுன், சமமான தரையில் 20 தள்ளல். முதல் 10ல் உள்ளங்கை வளையத்தைத் தொடும் இடம் மட்டும். அடுத்த 10ல் காதுக்கும் தோளுக்கும் உள்ள இடைவெளி மட்டும். நீளமாக, நிதானமாகத் தள்ளி, கையை விட்டதும் அது வளையத்துக்குக் கீழே தொங்கித் திரும்பட்டும். 1 நிமிடம் ஓய்வு, வலிக்கு 0 முதல் 10க்குள் மதிப்பெண், மொத்தம் 3 சுற்று. மதிப்பெண் 2 கூடினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். இரவில் தூக்கத்தைக் கலைக்கிற வலியோ, கையைத் தூக்க முடியாத பலவீனமோ வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

எந்த முறையும் கூடாத நேரம்

மார்பு முள்ளெலும்பு 6 அல்லது அதற்கு மேல் தண்டு அடிபட்டவருக்குத் திடீர்த் தலைவலி, முகச் சிவப்பு, காயத்துக்கு மேலே வியர்வை வந்தால், ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று பொருள். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, எறிதல் போட்டிக்கு உட்காரும் இருக்கையின் பட்டையையும் உடையையும் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடிந்திருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். தணியாவிட்டால் தாமதிக்காமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியோ, அருகில் உள்ள அவசரப் பிரிவோ.

உணர்வில்லாத இடத்துப் புண்ணை எந்தக் கவனமும் காட்டிக் கொடுக்காது. இரவில் கைக்கண்ணாடி வைத்துப் பின்புறத்தையும் உட்காரும் எலும்பு மேட்டையும் பார்ப்பது தனி வேலை. இன்னொன்று: டிராமடால் என்ற வலி மாத்திரைக்கு 1-1-2024 முதல் போட்டிக் காலத்தில் ஊக்கமருந்து விதிப்படி தடை. அந்த மாத்திரையில் இருப்பவர் கவனப் பயிற்சியை நம்பித் தானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் போட்டித் தேதியைச் சொல்லி, படிப்படியாகக் குறைக்கிற வாரங்களில்தான் மேலே சொன்ன 12 நிமிடப் பயிற்சியைத் தினமும் சேர்க்க வேண்டும்.