வாசலுக்கு வரும் ரோஜாச் செடியும் 250 ரூபாய் டானிக்கும்

மினி வேனில் தெருத்தெருவாக வரும் ரோஜாச் செடியை வாங்குகிறவர்கள் ஒரு நிமிடம் இதைப் படித்துவிடுங்கள்.

கறுப்புக் கவரில் நாலு பூ, ஆறு மொட்டு, விலை 180 ரூபாய். மூன்றாம் நாளே மொட்டுக் காம்புகள் வளைந்து தொங்கின. ஐந்தாம் நாள் தொட்டாலே இலை உதிர்ந்தது. மறுவாரம் அதே வண்டியை நிறுத்திக் கேட்டதற்கு, "மண்ணுல சத்து இல்லீங்க, இந்த டானிக்கை ஊத்துங்க, நாலே நாள்ல நிமிர்ந்துடும்" என்று பச்சைத் தண்ணீர் ஒரு பாட்டிலை 250 ரூபாய்க்குத் தலையில் கட்டினார்கள். ஊற்றிய மறுநாள் மிச்சமிருந்த இலைகளின் ஓரமும் கருகியது.

செடியைப் பிடுங்கிப் பார்த்தபோதுதான் சங்கதி புரிந்தது. அடியில் செங்கல் மாதிரி இறுகிய களிமண் உருண்டை. ஊறவைத்துக் கரைத்தால், கத்தியால் வெட்டப்பட்ட தடித்த வேர் இரண்டு, விரல் நீளத்துக்கு. தண்ணீரை உறிஞ்சும் வெள்ளை வேர் ஒன்றுகூட இல்லை. நிலத்தில் வளர்ந்த செடியை வெட்டியெடுத்து, களிமண்ணை அப்பிக் கவரில் வைத்து விற்றிருக்கிறார்கள். அந்தப் பூவெல்லாம் தண்டில் மிச்சமிருந்த சத்தில் பூத்தவை.

இப்படிப்பட்ட செடிக்கு உரம் விஷம். வேரைச் சுற்றி உரத்தின் உப்பு கூடினால் வேர் நீரை இழுக்க முடியாது, உள்ளே இருப்பதும் வெளியேறும். தொட்டியில் ஊற்றும் தண்ணீரும் இளகிய மண் வழியாக ஓடிவிடும், களிமண் உருண்டையின் நடு காய்ந்தே கிடக்கும். மேல்மண் ஈரமாக இருக்கிறதே என்று நாம் ஏமாந்துபோகிறோம்.

வதங்கிய செடியின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை இருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம். உருண்டையோடு வாளித் தண்ணீரில், குமிழி நிற்கும் வரை, அரை மணி நேரம் போல அமிழ்த்துங்கள். ஓரக் களிமண்ணை விரலால் மெதுவாகக் கரைத்துவிடுங்கள். இழுத்தால் இருக்கிற வேரும் போய்விடும். கறுத்துக் கொழகொழத்த வேரை நறுக்கி எறியுங்கள். பூ, மொட்டு அத்தனையையும் வெட்டிவிட்டு, கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கவாத்து செய்யுங்கள். மனசு வராதுதான், ஆனால் இல்லாத வேரால் அத்தனை இலைக்கும் நீர் கொடுக்க முடியாது. 12 அங்குலத் தொட்டியில் செம்மண் 2 பங்கு, மணல் 1, நன்கு மக்கிய தொழுவுரம் 1 கலந்து, ஒட்டுக்கட்டு (தண்டில் ஒட்டுப்போட்ட இடத்தில் இருக்கும் முடிச்சு) மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் நிற்கும்படி நடுங்கள். நாலைந்து துளை போட்ட பாலித்தீன் பையால் மூடி, வெயில் நேராக விழாத இடத்தில் 10 நாள் வையுங்கள். சிவப்புத் தளிர் வந்து இலையாக விரியும் வரை மேற்கொண்டு எந்த உரமும் வேண்டாம்.

மண் சொதசொதவென்று இருந்தும் செடி வாடினால் அது வேர் அழுகல். மேலும் தண்ணீர் ஊற்றுவதை உடனே நிறுத்துங்கள். மண்ணில் அழுகிய வாடை வந்தால், லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் கரைத்து வேரடியில் ஊற்றலாம். மத்தியான வெயிலில் துவண்டு சாயங்காலம் தானாக நிமிர்கிற செடிக்கு இதெல்லாம் தேவையே இல்லை.

வாங்கும்போது அடித்தண்டைப் பிடித்து மெதுவாக அசையுங்கள். கவருக்குள் லொடலொடவென்று ஆடினால் வேர் பிடிக்கவில்லை. கவரின் அடித் துளையில் வெள்ளை வேர் எட்டிப்பார்க்கிறதா என்று பாருங்கள். பூ நிறைந்த செடியைவிட, பூவே இல்லாமல் புதுத் தளிர் விட்ட செடி எவ்வளவோ மேல்.

அந்த டானிக் பாட்டிலில் தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண், உள்ளடக்கம் எதுவுமே இல்லை. 1985-ம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரத்தின் மேல் இந்த விவரங்கள் இருக்க வேண்டும். 2021 முதல் பயிர் ஊக்கிகளும் (பயோஸ்டிமுலன்ட்) அதற்குள் வந்துவிட்டன. லேபிள் இல்லாத பாட்டிலைக் கையில்கூட வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் பாட்டிலைத் தூக்கிப் போடாமல், வண்டி எண்ணையும் குறித்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள்.